கலப்பு விவாகமும் நம் கடமையும்

ஏரிப்பாசனத்தை நம்பி உழுதுண்ணும் நம் கிராமங்களில், வேற்றுக் குலத்தாரை விரும்பிய பிள்ளைகளைப் பெற்றோர் விலக்கிவைப்பதை நாம் காண்கிறோம். இத்தகைய விலக்கு அரண்மனையையும் விட்டதில்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்பர்ன் நகரில் மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலிய மங்கையை விவாகம் செய்தார். ஆங்கில அரசாங்கம் அவ்வம்மையை ராணியாக அங்கீகரிக்கவில்லை. 1916-இல் பிறந்த குமாரருக்குப் பட்டமும் மறுக்கப்பட்டது. மன்னர் அயல்நாட்டிலேயே வாழ்ந்து 1928-இல் காலமானார். அதுவரை தம்பதிகள் பிரிந்தாரில்லை. வயதுவந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தாரின் சம்மதமோ சமூகத்தாரின் சம்மதமோ வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலால் பஞ்சாயத்தில் தண்டனை பேசுவது அடாது. பெற்றோர்களே, பிள்ளைகள் திரும்பிவர வாசற்கதவைத் திறந்தே வையுங்கள்!