வக்கீலைப் பார்க்கப் போகும் முன்

டிரஸ்ட் என்றதும் கல்லூரியும் அன்னதானமும்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்குள்ளேயும் டிரஸ்ட் உண்டு. அறிவுத்திறன் குறைபாடுள்ள மகனுக்காக வீட்டையும் வைப்புத்தொகையையும் டிரஸ்டில் வைத்துவிட்டு அப்பா போய்ச் சேர்கிறார். நிர்வாகம் சித்தப்பா கையில். இதற்கான சட்டம் 1882-லேயே வந்துவிட்டது.

அப்படியொரு விஷயமாக வக்கீலை முதன்முதலாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் டிரஸ்ட் பத்திரத்தைத் தேடுங்கள். வீடு, நிலம் என்றால் அது பதிவாகியிருக்க வேண்டும். உயில் மூலம் ஏற்பட்டதென்றால் பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா பாருங்கள். பீரோவில் பத்திரம் இல்லையா? பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று. முதல் நாள் ஜெராக்ஸ் போதும். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பிறகு ஒரு முழு வெள்ளைத்தாளில் வம்சாவளி போடுங்கள். தாத்தாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் அதில் வரவேண்டும். பலரும் மறைப்பது இதைத்தான். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கிளறும். நீங்கள் சொல்வதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அப்புறம் என்ன தயக்கம்?

சித்தப்பா கணக்குக் காட்டவில்லை என்றால், கேட்ட தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக் கேட்பது பயனாளியின் உரிமை. ஃபீஸ் எவ்வளவு, கோர்ட் செலவு தனியா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.