எலிக் காய்ச்சலிடம் ஏமாறாதீர்!

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் தோழர் ஒருவர் காய்ச்சலென்று வந்தார். மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள். கிராணிகளாகிய நாங்களும் செக்ரோலில் பேர் போட்டோம். ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்தது, சிறுநீர் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகே உயிர் தப்பினார். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

அது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலிலுள்ள காயத்தின் வழியே நுழைகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் நோய் காணும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, அமுக்கினால் அலறவைக்கும் கெண்டைக்கால் வலி, பீளை தள்ளாத கண்சிவப்பு ஆகியவை அடையாளம். மஞ்சள் காமாலை, சிறுநீர்க் குறைவு, இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“எலி நடமாடும் சேற்றில் வேலை செய்தேன்” என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். முதல் வாரத்தில் இரத்தச் சோதனை ‘நோயில்லை’ என்றும் காட்டலாம். எதிர்ப்பொருள் பிறகுதான் தோன்றும். ஆகவே சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். இலேசான நோய்க்குப் பெரியவர்களுக்கு டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, 7 நாள். கடும் நோய்க்கு பெனிசிலின் அல்லது செஃப்டிரியாக்சோன் ஊசி. கர்ப்பிணிகளுக்கு மருந்து வேறு.

மலேசியாவில் 2010 முதல் இந்நோயைச் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே ஆகவேண்டும். வேலையால் வந்த நோய்க்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்கேசோவில் கோரலாம். மனு எழுத நாங்கள் இருக்கிறோம். பூட்சும் எலி ஒழிப்பும் நிர்வாகத்திடம் கேட்போம்.

காய்ச்சல்காரரை இனிப் பெரட்டில் நிற்க விடமாட்டோம். இது எங்கள் உறுதி!