மருந்து நோட்டும் நம்ம நோட்டுதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சாப்பாட்டுக்கு முன்னாடி பேச விட்டிருக்காங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நம்ம சுகாதாரக் குழு இந்த வருஷம் ஒரு புது நோட்டு தொடங்குகிறது. மருந்துப் பதிவேடு என்று பேர் வைத்திருக்கிறோம். உறுப்பினர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் என்ன ஊசி மருந்து போட்டுக்கொள்கிறார்கள், போட்ட பிறகு உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி வைக்கும் நோட்டு. அதில் நீங்கள் சேர வேண்டும் என்று கேட்கத்தான் நிற்கிறேன்.

முதலில் எல்லா மருந்தையும் எடுக்கவில்லை. பெப்டைடு என்று சொல்கிற வகையை மட்டும் எடுத்திருக்கிறோம். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். புரதம் என்பது நீளமாகக் கட்டிய பூச்சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முழம் அளந்து நறுக்கின துண்டு மாதிரி, சின்னச் சரமாக இருப்பது பெப்டைடு. அமினோ அமிலங்கள்தான் பூ. சுகருக்குப் போடும் இன்சுலினில் 51 பூ. பிரசவத்தில் வலி வரவும், ரத்தப்போக்கை நிறுத்தவும் போடும் ஆக்ஸிடோசினில் 9. (மாடு பால் இறக்க மறைவாகச் சிலர் போடுவதும் அதே ஆக்ஸிடோசின்தான். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) கல்யாணத்துக்கு முன்னாடி நிறம் வரும் என்று பெண்பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் குளுட்டாதயோனில் மூன்றே பூ. இப்போது எடை குறைக்கும் ஊசி என்று பேசுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். வாயால் சாப்பிட்டால் பெரும்பாலும் வயிறு இதைச் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

இந்த மருந்துகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. 1922-இல் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல்முறையாக இன்சுலின் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அந்த வயதில் சுகர் வந்தால் பிள்ளையைப் பட்டினி போட்டு, சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். இன்றைக்கு நம்ம கூட்டமைப்பில் எத்தனையோ வீட்டில் அம்மா உயிரோடு இருப்பது இந்த ஊசியால். ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எங்கே வாங்கினது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், பேரைச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் பேனா இன்சுலின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பேனா உடைந்துபோச்சு. மருந்தை வீணாக்குவானேன் என்று பழைய சிவப்பு மூடி சிரிஞ்சால் அந்தக் குப்பியிலிருந்து இழுத்து, வழக்கம்போல 20 கோடு வரைக்கும் போட்டுக்கொண்டார். இங்கே நாம் பார்க்கும் சாதாரண இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடு அதற்காகப் போட்டது. பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100. அதற்குரிய சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. ஆக அக்கா 20 என்று நினைத்துப் போட்டது 50 யூனிட். ராத்திரி வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, நினைவு தப்பிவிட்டது. 108-இல் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன இன்சுலின், எத்தனை யூனிட்?" மருமகள் அழுதுகொண்டே சொன்ன பதில், "சுகர் ஊசிங்க."

பிழைத்துவிட்டார். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். (சிரிக்காதீங்கக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.) ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள்: நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

பதிவேட்டில் என்ன எழுதுவோம்? மருந்தின் பேர், அதன் அளவு, பாட்டிலில் அச்சடித்த பேட்ச் எண், காலாவதித் தேதி, யார் எழுதிக் கொடுத்தது, எங்கே வாங்கினது, வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள். பிறகு, போட்டபின் என்ன ஆச்சு. ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அதை எழுத வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், ஒண்ணும் ஆகலைன்னா எதுக்கு எழுதணும்னு. நம்ம கடன் பேரேட்டில் தவணை கட்டாதவர்களை மட்டும் எழுதி, ஒழுங்காகக் கட்டினவர்களை விட்டுவிட்டால் வங்கி மேலாளர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? அதே கணக்குதான். மூன்று பேருக்கு வாந்தி என்றால் எத்தனை பேரில் மூன்று என்று தெரிய வேண்டும். பஞ்சசூத்திரத்தில் ஐந்தாவது என்ன? புத்தகம் பராமரிப்பு. அதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

அடுத்தது, வெட்கம். "எனக்குச் சுகர்னு ஊருக்கே தெரியணுமா, பொண்ணு பாக்க வர்றவங்க என்ன சொல்வாங்க" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. நோட்டில் பேர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற சீட்டு தனியாகப் பூட்டிய பெட்டியில் இருக்கும். கணவர் கேட்டாலும் மாமியார் கேட்டாலும் மருந்துக் கம்பெனி ஆள் கேட்டாலும் காட்ட மாட்டோம். எப்போது வேண்டுமானாலும் என் பக்கத்தை எடுத்துவிடு என்று சொல்லலாம். சேராதவர்களுக்குக் கடன் கிடையாது என்று எந்த ஊக்குநராவது சொன்னால் நேரே என்கிட்ட வாங்க.

இன்னொன்று, சங்கடமான விஷயம். நிறம் வர வைக்கும் ஊசியும் எடை குறைக்கும் ஊசியும் நம்ம குழுப் பெண்களே ஆள் பிடித்து விற்கிறார்கள். அவளும் நம்மவள், அவளுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் இது ஊறுகாய் இல்லை. நிறத்துக்காக எந்த ஊசி மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. எடை குறைக்கும் செமாகுளுடைடு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. பிள்ளை பெற நினைப்பவர்கள் குறைந்தது 2 மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. விற்கிறவள் அதைப் படித்துக் காட்டினாளா? அக்காவும் தங்கையும் ஒரே பேனாவைப் பங்கு போட்டுக்கொள்வதாகவும் கேள்விப்பட்டேன். ஊசி முனையை மாற்றினாலும் பேனாவுக்குள் ரத்தம் போகும், நோய் தொற்றும். பேனா ஒருவருக்கு ஒன்றுதான். இதெல்லாம் நோட்டில் வர வேண்டும் என்று கேட்கிறேன். யாரையும் போலீஸில் பிடித்துக் கொடுக்க இல்லை. அடுத்த பெண் ஊசிக்குக் கை நீட்டும் முன்னாடி தெரிந்துகொள்ளத்தான்.

நோட்டு வைத்தியம் செய்யாது. இந்த மருந்தால்தான் இது வந்தது என்று நாமே தீர்ப்பும் சொல்லப் போவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள். மருந்தின் பக்கவிளைவுகளைக் கவனிக்க மத்திய அரசு 2010-இல் ஒரு திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, போட்டுக்கொண்டவரே சொல்லலாம். சந்தேகம் இருந்தால் போதும், நிரூபிக்க வேண்டாம். தமிழிலும் படிவம் உண்டு. கட்டணமில்லா எண் 1800-180-3024. நம்ம நோட்டில் சந்தேகமாக ஏதாவது வந்தால், உரியவரின் சம்மதத்தோடு நாங்களே உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவோம்.

அடுத்த மாதக் கூட்டத்திலிருந்து எழுதத் தொடங்குகிறோம். காலியான மருந்துப் பெட்டியையும் பாட்டிலையும் குப்பையில் போடாமல் அப்படியே கொண்டு வாங்க, பேட்ச் எண் அதில்தான் இருக்கும். ஊசி முனைகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வராதீங்க. ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினை வெயிலில் எடுத்து வர வேண்டாம், போனில் படம் எடுத்து வந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மகளையோ பேத்தியையோ துணைக்குக் கூட்டி வரலாம். இல்லையென்றால் என் பக்கத்தில் உட்காருங்க, நான் எழுதித் தருகிறேன்.