பழைய பஸ்வண்டியில் ஒருநாள்

பழைய பஸ்வண்டி என்றதும் துருப்பிடித்த தகரமும் கிழிந்த ஆசனமும் பலரின் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ ஓய்வுபெற்ற பஸ்வண்டிகளைப் பேணுவதற்கென்றே சங்கங்கள் உள்ளன. குறித்த நாட்களில் அவை பழைய பாதைகளில் ஓட, குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு ஏறி மகிழ்கின்றன. லண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரைக்குப் பழைய பஸ்களும் லொறிகளும் அணிவகுத்துச் செல்லும் ஓட்டம் 1962ஆம் ஆண்டிலே தொடங்கியது.

நேயர்களே, அந்த லண்டன் வண்டிகளோடு நமக்கும் உறவு உண்டு. 1958 ஜனவரி முதலாந் திகதி, தனியார் கம்பனிகளின் கையிலிருந்த பஸ்சேவை அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. லண்டனில் உழைத்து ஓய்ந்த இரட்டைத்தட்டு வண்டிகள் கப்பலேறி இங்கு வந்தன. மேற்தட்டில் 30, கீழ்த்தட்டில் 26 என ஆசனங்கள் 56. இரு நாட்டிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமே செல்வதால், அவற்றின் வாசலை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. கொழும்புக்குப் போன கரையோரச் சிறுவருக்கு அவ்வண்டியின் மேற்தட்டு ஒரு மாடிவீடாகவே தோன்றியிருக்கும்.

புத்தளக் கரையிலே பஸ்ஸின் பெருமை வேறுவிதமானது. ரயில் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. ஆயினும் தண்டவாளம் கற்பிட்டிக் குடாநாட்டினுள் நுழையவில்லை. பாலாவிச் சந்தியில் பிரியும் வீதியே அதற்கு வழி. கடலுக்கும் களப்புக்கும் நடுவே, உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, நுரைச்சோலை வழியாக அது கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டைவரை நீள்கிறது.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கோ முன்னேசுவரத் திருவிழாவுக்கோ செல்லும் குடும்பம் கட்டுச்சோற்றுடன் ஏறுவது பஸ்ஸிலேதான். பாட்டியின் மடியில் ஒரு பிள்ளை, யன்னலோரம் இன்னொன்று. மீனவர், உப்பளத் தொழிலாளி, ஆசிரியர், வியாபாரி என எல்லாரும் ஒரே வண்டியில் நெருங்கியிருந்தனர். தமிழும் சிங்களமும் கலந்து ஒலித்தன. முன்பின் அறியாதவரின் குழந்தைக்கு இடங்கொடுக்கப் பிள்ளைகள் அங்கேயே கற்றனர்.

சபையின் வண்டிகளிற் குறை இல்லாமலில்லை. நெரிசல், தாமதம், உதிரிப்பாகமின்றி நடுவழியில் நிற்றல் எல்லாம் உண்டு. ஆயினும் இலாபம் குறைந்த பாதையிலும் பஸ் ஓடவேண்டும் என்ற கொள்கை அதன் பின்னே நின்றது. 1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிந்தது. 1979 முதல் தனியார் பஸ்களும் ஓடின. 2005இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை மீண்டும் அமைந்தது. இதற்கிடையில் பழைய வண்டிகள் பல இரும்புக்கடையை அடைந்தன. இன்று வசதியுள்ள குடும்பம் வான் ஒன்றை அமர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டு செல்கிறது. பயணம் இலகுவாயிற்று, ஆனால் அயலாரோடு கூடிச் செல்லும் பழக்கம் அருகி வருகிறது.

எஞ்சியுள்ள பழைய வண்டி ஒன்றையேனும் செப்பனிட்டு, ஆண்டுக்கொரு நாள் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு ஓட்டினால் என்ன? அதன் இயந்திரத்தின் குணமறிந்த முதிய சாரதிகளும் திருத்துநர்களும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இளைஞர் அத்தொழிலைக் கேட்டறிதல் வேண்டும். பாட்டனார் தாம் சென்ற வழியைப் பேரப்பிள்ளைக்குச் சுட்டிக்காட்ட, பக்கத்து ஆசனத்தில் அயலூர்க் குடும்பமொன்றும் அமர்ந்திருக்கட்டும். பாடப்புத்தகம் சொல்லாத ஊர்ச் சரித்திரத்தைப் பிள்ளைகள் அந்த ஒருநாட் பயணத்திலே அறிந்துகொள்வார்கள்.