கணிப்பொறியின் நாடி பார்த்தல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் பயின்றோமல்லோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே ஆபீசில் பேரேடு எழுதி வருபவர். எனினும் இவ்வாண்டு கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். அதன் காரணம் தங்களில் பலர் அறிந்ததே.

சென்ற கோடையில் எம் வரிசைக் குவார்ட்டர்ஸில் ஓர் இல்லத்துக் கணிப்பொறி தானே அணைந்து தானே எழத் தொடங்கிற்று. கணவரை இழந்து, கருணை வேலை பெற்றுக் குடும்பம் நடத்தும் அம்மையாரின் இல்லம் அது. மகள் தேர்வுக்குப் பயில்வது அக்கருவியிலேதான். கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, மதர்போர்டு போயிற்று, பதினெட்டாயிரம் ஆகும் என்றாராம். வளையலை அடகு வைக்குமுன், "அண்ணா, நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று எம்மை அழைத்தார்கள்.

கணிப்பொறியின் உள்ளே பவர் சப்ளை என்றொரு இரும்புப் பெட்டி உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, சிறு அளவுகளாக்கிப் பங்கிடுவது அது. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, கறுப்புக் கம்பிகள் யாவும் பொது. நூற்றுக்கு ஐந்து ஏறவோ இறங்கவோ இடமுண்டு. ஆகவே மஞ்சள் 11.4 முதல் 12.6 வரையிலும், சிவப்பு 4.75 முதல் 5.25 வரையிலும், ஆரஞ்சு 3.14 முதல் 3.46 வரையிலும் நின்றால் நலமே. சில புதிய பெட்டிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருகின்றன. அங்கே நிறம் உதவாது, இணைப்பியில் இடம் பார்த்தே அறிய வேண்டும்.

மல்ட்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் திருப்பி, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்தோம். 12.02 என்று காட்டிற்று. பெட்டி நலம் என்று கூறிவிட்டு வந்தோம். அம்மையார் முகம் வாடியதை இன்றும் மறந்தோமில்லை. கடைக்காரர் சொன்னதே மெய்யாயிற்றன்றோ!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வண்டி புறப்படுமுன் பிரேக் குழாயின் அழுத்தம் என்ஜினில் 5 கிலோ இருந்தால் போதுமோ? கடைசிப் பெட்டியிலே கார்டு பார்க்கும் அளவுமன்றோ வேண்டும்! (கார்டை 2022 முதல் டிரெயின் மானேஜர் என்கிறோம், நாவுக்கு இன்னும் பழகவில்லை.) யாம் அளந்ததோ, கணிப்பொறி சும்மா இருந்த வேளையில். பாரம் ஏறாத வண்டியைச் சோதித்தது போலாயிற்று.

மறுநாள் கனமான படக்காட்சி ஒன்றை ஓடவிட்டு, முனையை எடாமல் பார்த்திருந்தோம். 11.7 என்றது, 11.2 என்றது, 10.8 ஆனதும் திரை அணைந்தது. நோய் பெட்டியில்தான்! வெப்பத்திலும் தூசியிலும் உள்ளிருக்கும் கப்பாசிட்டர்கள் தளர்ந்தால் இவ்வாறு நேரும். இரண்டாயிரத்துக்குள் புதுப்பெட்டி வாங்கி மாட்டினோம். அதே பாரத்தில் 11.9க்குக் கீழ் இறங்கவில்லை. வளையல் கையிலேயே இருக்கிறது.

கணிப்பொறியைத் துவக்கும்போது வரும் அமைப்புத் திரையிலும் வோல்ட் எண்கள் உண்டு. அவை குத்துமதிப்பு, ஐயம் வந்தால் மீட்டரையே நம்புக. மீட்டரின் சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருத்தல் ஆகாது. ஒரு முனை இரு கம்பிகளைத் தொடலாகாது. பெட்டியின் மூடியை மட்டும் எவரும் திறக்க வேண்டா. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். இளைஞர்களுக்கு இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறோம்.

மீட்டர் நம் நூலக அலமாரியில் இருக்கும். பதிவேட்டில் கையொப்பமிட்டு எவரும் எடுத்துச் செல்லலாம். சென்ற மாதம் எடுத்துச் சென்றவர் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம்.