கந்தளாயில் தொடங்கும் கோட்டைக் கதை

இன்று திருகோணமலைக் கோட்டைக்குப் போகிறோம். ஆனால் நகரத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் முன்பாகவே, கந்தளாயில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவோம். அந்தக் கோட்டைக் கல்லின் கதை இங்குள்ள குளக்கட்டில்தான் தொடங்குகிறது.

இந்தக் குளம் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்பது வரலாறு. திருகோணமலைத் தமிழர் வழிவழியாகச் சொல்லும் கதை வேறு. குளக்கோட்டன் என்ற சோழ இளவரசன் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தானாம். அவனை விரட்டப் படை அனுப்பினாள் அரசி ஆடகசவுந்தரி. பகை கல்யாணத்தில் முடிந்தது. கோயில் வயல்களுக்கு நீர் வேண்டி, இருவரும் பூதங்களை ஏவிக் கட்டிய குளம் இது என்கிறது 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூல். கோயில் கடலோரத்தில், அதற்குச் சோறு போடும் குளம் இங்கே!

சரி, இனிக் கடற்கரைக்கு வாருங்கள். மூன்று பக்கமும் கடல் சூழ, ஒடுங்கிய நிலத்துண்டால் மட்டும் கரையோடு ஒட்டித் தீவு போல நிற்கிறது கோயில் இருக்கும் சுவாமிமலை. அந்த ஒடுங்கிய இடத்தை மறித்து எழும்பிய மதில்தான் கோட்டை. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாலேயே இதைக் கட்டினான். வாசலில் நின்று பாருங்கள்: இணைக்கயல் பொறித்த கல்லும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் தெரியும். பறங்கியர் கோயிலை இடிப்பார்கள் என்று குளக்கோட்டன் முன்பே சொல்லிவைத்த வாக்குதான் அந்த எழுத்துகள் என்பார்கள் ஊரார்.

1639இல் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. 1795இல் ஆங்கிலேயரிடம் நிலைத்து, பிறகு பிரெட்ரிக் கோட்டை ஆயிற்று. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. புள்ளிமான்கள் பயமில்லாமல் மேய்கின்றன.

மலையுச்சியில் ஒரு தூண் உண்டு. காதலன் கப்பலேறிப் போனதால் பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண் 1687இல் அங்கிருந்து குதித்தாள் என்று கதை. அவள் அதன் பின்னும் வாழ்ந்தாள் என்று பழைய ஒல்லாந்தர் ஏடுகளைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தூணும் பழைய கோயிலின் தூண்தான் என்பார்கள்.

இடிந்த கோயில் அழிந்துவிடவில்லை. 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் இருந்து விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

கோட்டையைப் பறங்கியர் கட்டினார்கள் என்பது பாதி உண்மை. கல் நம்முடையது, கல்லைச் செதுக்கிய கையும் நம்முடையது. நேயர்களே, கோணேசரைக் கும்பிடப் போகும்போது வாசலில் சற்று நில்லுங்கள். அந்தக் கயலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கந்தளாய்க் குளத்திலிருந்து கதையைத் தொடங்கிச் சொல்லுங்கள்.