பலன் தெரியாத மாத்திரை



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய தகப்பனார். இருதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரண்டு வகை மாத்திரைகள் சாப்பிடுகிறார். ஒன்றை விட்டால் நெஞ்சு படபடக்கிறது. அதனால் அதை மறப்பதில்லை. மற்றொன்றை விட்டாலும் உடம்பில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. சவரம் செய்யும்போது கீறினால் இரத்தம் நிற்க நேரமாகிறது என்று, மகளிடம் கூடச் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் கழித்து ஒரு நாள், பசியாறிக் கொண்டிருக்கும்போதே கை துவள்கிறது, வாய் கோணுகிறது.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான் இது. இந்த நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இருதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம்.

மருத்துவர் இதை 'நிரந்தரம்' என்று சொன்னால், கைவிட்டுவிட்டதாகப் பொருளில்லை. துடிப்பைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சி இனி வேண்டாம் என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. அதன் பிறகு மருந்துகளுக்கு இரண்டு வேலைகள்.

முதல் வேலை, துடிப்பின் வேகத்தைக் குறைப்பது. பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்றவை இதற்குப் பெரிதும் தரப்படுகின்றன. டில்டியாசெம், வெராபமில் ஆகியவை இருதயத்தின் இறைக்கும் சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது. டிகோக்சின் பழைய மருந்து. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதன் அளவில் கவனம் வேண்டும். தொந்தரவு இல்லாத பலருக்கு, ஓய்வில் நிமிடத்திற்கு 110-க்குக் கீழே துடித்தாலே போதும் என்று 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

இரண்டாவது வேலை, இரத்தம் உறையாமல் தடுப்பது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதயப் பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கணக்கிட்டே யாருக்கு இது வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்கிறார்.

இதில் பழையது வார்ஃபரின். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றிச் சாப்பிடுவதுதான் கெடுதல்.

புதியவை டபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான். இவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை; மூளையில் இரத்தம் கசியும் அபாயமும் வார்ஃபரினை விடக் குறைவு. ஆனால், சிறுநீரகத்தைச் சோதித்து வர வேண்டும். வேளை தவறினால் பாதுகாப்பும் சீக்கிரம் விலகிவிடும்.

புதியது எல்லாருக்கும் நல்லதா? இல்லை. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான் ஏற்றது. வாதக்காய்ச்சலால் இருதயம் பாதிக்கப்பட்டவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்விலும் அந்தப் பழைய வகை மருந்தே ரிவராக்ஸபானை வென்றது.

"ஆஸ்பிரின் சாப்பிடுகிறேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அபிக்ஸபான், ஆஸ்பிரினை விடப் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெரிய இரத்தக் கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பல் பிடுங்கும் முன் இந்த மருந்தைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை, ஜாமு, சின்சே மருந்து எதுவானாலும் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்று வீட்டில் அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒரு முறை திறந்து பாருங்கள். மிச்சமிருந்தால் கோபிக்காமல் காரணம் கேளுங்கள். அந்த மாத்திரையின் பலன் யாருக்கும் தெரியாது. ஒன்றும் நடக்காமல் கழிகிற ஒவ்வொரு நாளும்தான் அதன் பலன்.